வேலுத்தாய் போட்ட குலவை

வத்திராயிருப்பில் வந்து வேலுத்தாய் வீடு எது என்று கேட்டால், எந்த வேலுத்தாய் என்று திருப்பிக் கேட்பார்கள். குலவைக்கார வேலுத்தாய் என்றால் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் வாசலில் விட்டுவிடுவார்கள். அவள் குலவை போட்டால் அடுத்த ஊரில் கட்டியிருக்கும் மாடு தலையைத் தூக்கும் என்பார்கள். எங்கள் ஊரில் எதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வோம். இதில் கூட்டியது குறைவு.

நடவன்று முதல் நாற்றை வயலின் ஈசானி மூலையில் ஊன்றும்போது ஒருத்தி நாக்கைச் சுழற்றிக் குலவையைத் தொடங்குவாள், மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள். குலவை இல்லாமல் நட்டால் பதர்தான் விளையும் என்பது நம்பிக்கை. தொடங்குகிறவள் சுமங்கலியாக இருக்க வேண்டும் என்பது கட்டுப்பாடு. கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து வேலுத்தாய்தான் தொடங்கி வைத்தாள்.

அப்புறம் மலையில் அந்தக் கூட்டம் வந்து உட்கார்ந்தது. அதன் தலைவன் தன்னை முனி என்று சொல்லிக்கொண்டான். உலகம் நெருப்பில் அழியப்போகிறது, மலையில் இருப்பவர்கள் மட்டும் பிழைப்பார்கள் என்றான். இடுப்பில் கறுப்புக் கச்சை கட்டிய ஆட்கள் அரிவாளும் துப்பாக்கியுமாக இறங்கி வந்து, மலையடிவாரத்து வயல் முழுவதும் இனி முனிக்குச் சொந்தம் என்றார்கள். அங்கே உழுவது பாவம், மேளம் பாவம், ஆண்டாள் தேருக்குப் போவது பாவம், பள்ளிவாசல் சந்தனக்கூட்டுக்குப் போவது பாவம். பெண்கள் குலவை போடுவது எல்லாவற்றையும்விடப் பெரிய பாவமாம். பெண்களின் சத்தத்துக்கு இவ்வளவு பயப்படுகிறவன் என்ன முனியோ!

வேலுத்தாயின் புருஷன் ராக்கப்பன் கண்மாய் மடை திறக்கும் நீர்பாய்ச்சி. "நாத்து காயுது, முனியா வந்து தண்ணி பாய்ச்சுவான்?" என்று சொல்லிவிட்டுப் போய் அடிவாரத்து மடையைத் திறந்தார். மடையின் மேலேயே வெட்டிப் போட்டுவிட்டார்கள். அதன்பிறகு அந்தப் பக்கம் யாரும் போகவில்லை. வயலில் கருவேலம் முளைத்தது. வேலுத்தாய் கிழக்கு வயல்களில் கூலிக்கு நட்டாள், வரிசையின் கடைசியில், வாயைத் திறக்காமல். இதெல்லாம் எனக்கு என் அம்மா சொன்னது. அதே நடவு வரிசையில் நின்றவள் அவள்.

சார்வரி வருஷம் புரட்டாசியில் போலீஸ் படை மலையேறி அந்தக் கூட்டத்தை ஒழித்தது. முனி சுடப்பட்டு ஓடையில் விழுந்தான் என்று செய்தி வந்தது. உடனே ஸ்ரீவில்லிபுத்தூர் தேர்வீதியில் அதிர்வேட்டு போட்டார்கள். பள்ளிவாசலில் பாத்திஹா ஓதிச் சர்க்கரை கொடுத்தார்கள். ராஜபாளையத்தில் வேட்டைநாய்களுக்குக்கூட செவந்தி மாலை விழுந்ததாம், நாய்கள் என்ன செய்தன என்று யாரும் கேட்கவில்லை. மலையேறியவர்கள் கொஞ்சம்பேர், ஏறியதாகச் சொன்னவர்கள் கொள்ளைப்பேர். சேத்தூரில் ஒருவர் முனியின் தாடியைத் தானே பிடித்து இழுத்ததாகச் சொன்னார். அவருக்கு முட்டுவலி, வீட்டுப் படி ஏறவே ஆள் வேண்டும்.

அடிவாரத்து வயலுக்குப் போக மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. முனி சாகவில்லை, காற்றாய் மாறி மலையில்தான் சுற்றுகிறான், குலவைச் சத்தம் கேட்டால் இறங்கிவிடுவான் என்று ஒரு பேச்சு கிளம்பி வீடு வீடாகப் போனது. உயிரோடு இருந்தபோது துப்பாக்கிக்குப் பயந்த ஊர், செத்தபிறகு காற்றுக்குப் பயந்தது.

அரிசி வியாபாரி மைதீன் பிச்சை ராவுத்தருக்கு அடிவாரத்தில் குத்தகை நிலம் உண்டு. படை மலையேறிய அன்றே துணிந்து நாற்று பாவிவிட்டார். போலீஸைக் காவலுக்கு நிறுத்தி ஐப்பசி மழைத் தண்ணீரில் உழுதும் முடித்துவிட்டார். நாற்று முற்றிக்கொண்டிருந்தது. இன்னும் ஓரிரு நாளில் நடாவிட்டால் மாட்டுக்குத்தான் போட வேண்டும். அவர் வயல் தரிசானால் அடுத்த வருஷம் அந்தப் பக்கம் ஏர் கட்ட எவனுக்கும் தைரியம் வராது. அது அவருக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும்.

நடவன்று விடிந்ததும் பெண்கள் போய் வரப்பில் நின்றார்கள். காவல் போலீஸைக் காணோம். பாராட்டி மாலை போடுவதற்காக அவர்களை ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அழைத்துவிட்டார்கள். எதிரே மலை மட்டும் நின்றது.

வேலுத்தாய் தாலியறுத்த பிறகு குலவையைத் தொடங்குகிறவள் கருத்தம்மாள். நாற்றை ஈசானி மூலையில் ஊன்றினாள், வாயைத் திறந்தாள், மலையைப் பார்த்தாள். சத்தம் வரவில்லை. மறுபடி திறந்தாள். வெறும் காற்றுதான் வந்தது.

"எனக்கு ஏலல. வீட்டுக்குப் போவோம்" என்றாள். இரண்டு பெண்கள் சேலையை இறக்கிவிட்டுக்கொண்டு வரப்பில் ஏறிவிட்டார்கள். ராவுத்தர் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

கடைசியில் நின்ற வேலுத்தாய் சேற்றை மிதித்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"தள்ளிக்கோட்டி. நான் போடுதேன்."

ராக்கப்பனுக்குப் பிறகு மடை பார்த்துவந்த பால்சாமி வரப்பிலிருந்து கத்தினான். "யக்கா, உனக்குக் கிறுக்கா? தாலி அறுத்தவ குலவை போட்டா வயலு வெளங்குமா?"

வேலுத்தாய் திரும்பினாள். "அறுத்தது யாருலே? எமனா வந்து அறுத்தான்? அந்தா, அந்த மலைல இருந்தவன் அறுத்தான். அவன் அறுத்தான்னு நான் வாயை மூடிட்டு நின்னா, அவன் இன்னும் அங்கனதான் இருக்கான்னு அர்த்தம். நீ சொல்லு, இருக்கானா?"

பால்சாமி மலையைப் பார்த்தான்.

அவள் ராக்கப்பன் விழுந்த மடையைப் பார்த்து நின்றாள். அப்புறம் போட்டாள்.

இத்தனை வருஷம் அடக்கி வைத்திருந்த குலவை. முதலில் கரகரத்தது, பிறகு ஏறியது. மலையில் மோதித் திரும்பி வந்தது. திரும்பி வந்த சத்தத்தைக் கேட்டுப் பெண்கள் நடுங்கிப் போனார்கள் என்றும், அதுவும் வேலுத்தாயின் சத்தம்தான் என்று தெரிந்த நொடியில் தனக்கு அழுகை வந்துவிட்டது என்றும் அம்மா சொல்வாள். கருத்தம்மாள் சேர்ந்துகொண்டாள், அம்மா சேர்ந்துகொண்டாள். வரப்பேறிய இருவரும் ஓடி வந்து குதித்தார்கள். தூரத்துக் கிழக்கு வயல்களில் களை எடுத்துக்கொண்டிருந்தவர்களும் நிமிர்ந்து பதில் குலவை போட்டார்கள்.

மலையிலிருந்து எதுவும் இறங்கவில்லை.

பொழுது சாய்வதற்குள் நட்டு முடித்தார்கள். தேர்வீதி வேட்டுச் சத்தத்தில் எங்கள் ஊருக்கு வராத நம்பிக்கை அந்த ஒருத்தியின் நாக்கில் வந்தது. அதை நான் எந்தச் சபையிலும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன்.

தை அறுவடையில் அந்த வயலில் பதர் விழுந்ததா என்று பார்க்கவே பலபேர் போனார்கள். கதிர் முழங்காலைத் தொட்டுக்கொண்டு தலைசாய்ந்து கிடந்தது. "மண்ணு மூணு வருசமா சும்மா கெடந்துச்சுல்ல, அதான்" என்று சிலர் இழுத்தார்கள். அப்படிச் சொல்லவும் ஊரில் நாலுபேர் வேண்டும்தானே.

அடுத்த வருஷம் ஐப்பசியில் அடிவாரம் முழுக்க ஏர் ஓடியது. ஒரு காலையில் வேலுத்தாய் வீட்டு வாசலில் பால்சாமி வந்து நின்றான். தலைத்துண்டை எடுத்து இடுப்பில் கட்டியிருந்தான்.

"யக்கா, அண்ணன் விழுந்த மடையைத் திறக்கப் போறேன். நடவுக்கு எல்லாரும் நிக்காவ. கருத்தம்மாள் தொடங்க மாட்டேங்கா. நீதான் வரணுமாம்."

"யாரு சொன்னா?"

பால்சாமி தலையைக் குனிந்துகொண்டு, "நாந்தான்" என்றான்.

வேலுத்தாய் உடனே எழுந்திருக்கவில்லை.

"செத்த இரு. வெத்தலையைத் துப்பிட்டு வாரேன்."