எந்த வேலைக்கும் உதவாதவள்

என் கையெழுத்து நன்றாக இருக்கும். தற்பெருமை என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். பீர்மேட்டில் நாங்கள் வேலை பார்த்த தேயிலை எஸ்டேட்டில், ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பதிலிருந்து ஒழுகும் கூரைக்குத் தகரம் கேட்பது வரை, மனு எழுத வேண்டும் என்றால் நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளில், அதாவது லயத்தில், எல்லோரும் என் வீட்டு வாசலுக்குத்தான் வருவார்கள். எட்டாம் வகுப்பு வரை மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவன் என்பதால் சர்க்கார் மலையாளம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. "அண்ணன் எழுதுனா கல்லும் கரையும்" என்பார்கள். அதெல்லாம் ஒன்றுமில்லை என்பதுபோல் தலையை ஆட்டிக்கொண்டே உள்ளுக்குள் குளிர்ந்து போவேன். என் மனைவியின் பெயரை எஸ்டேட் புத்தகத்திலிருந்து வெட்டியது அந்தக் கையெழுத்துதான்.

அவள் கொழுந்து எடுப்பவள். பதினாறு வயதில் மலையேறி வந்ததிலிருந்து அந்த ஒரே வேலை. நான் ஃபாக்டரியில் தேயிலை உலர்த்தும் இடத்தில் இருந்தேன். எங்களுக்குப் பிள்ளை இல்லை. என்னுடைய எழுத்துப் பெருமையை மதிக்காத ஒரே ஆள் அவள்தான். "கல்லைக் கரைச்சது போதும், ரெண்டு விறகைப் பொளந்து போடுங்க" என்பாள்.

எழுபதுகளின் நடுவில் ஒரு மழைக்காலத்தில் அவளுக்கு வயிறு வீங்கியது. நாலு நாளாக வெளிக்குப் போகவில்லை. பிறகு குடித்த கஞ்சித் தண்ணீரும் வாந்தியாக வந்தது. டிஸ்பென்சரி கம்பவுண்டர் வயிற்றைத் தொட்டுப் பார்த்தவுடன் முகம் மாறி, எஸ்டேட் ஜீப்பைக் கேட்டு வாங்கி, கோட்டயத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். குடலில் கட்டி. அதை அறுத்து எடுத்துவிட்டு, மிச்சக் குடலின் முனையை இடது அடிவயிற்றில் வெளியே கொண்டுவந்து தைத்தார்கள். இனி ஆயுசுக்கும் அதன் வழியாகத்தான் மலம் போகும் என்று டாக்டர் என்னிடம் சொன்னார்.

மயக்கம் தெளிந்து இரண்டு நாள் கழித்து, அவள் போர்வையைத் தூக்கிப் பார்த்தாள். சிவப்பாக, ஈரமாக, ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு இருந்தது.

"இத எப்ப உள்ள வைப்பாக?"

"கொஞ்ச நாளாகும்" என்றேன். அவளிடம் நான் சொன்ன முதல் பொய் அது. அவள் தன்பாட்டில் நர்ஸிடம் கேட்டு உண்மையைத் தெரிந்துகொண்டு, ஒரு பகலும் ஒரு இரவும் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அழவில்லை. எனக்குத்தான் வராந்தாவில் போய் நின்று அழ வேண்டியிருந்தது.

அந்த நர்ஸ் ஒரு தங்கமான மலையாளப் பெண். எப்படித் துடைப்பது, எப்படிக் கழுவுவது, தோல் வெந்து போகாமல் வெள்ளைக் களிம்பை எவ்வளவு தூரம் தடவுவது என்று எங்கள் இருவரையும் ஒன்றாக உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்தாள். இடுப்பில் பெல்ட்டோடு கட்டும் ரப்பர் பை ஒன்றைக் கொடுத்தார்கள். மலைக்குளிரில் அந்த ரப்பர் மரக்கட்டைபோல் விறைக்கும். நாற்றமும் கழுவக் கழுவப் போகாது. மாதம் இரண்டு தாண்டுவதற்குள் மடிப்பில் கீறல் விட்டுவிட்டது. புதிது வேண்டுமென்றால் கோட்டயம் போக வேண்டும். போனாலும் மருந்துக் கடைக்காரர் எழுதிப்போட்டு வரவழைக்க வேண்டும். அதனால் பெரும்பாலும் துணிதான். பழைய வேட்டியை நாலாக மடித்து, மேலே பிளாஸ்டிக் தாள் வைத்து, அதற்கு மேல் ஒரு கட்டு.

உதவி கிடைக்கவில்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிப் போகும். நோய்ப்படி என்று எஸ்டேட் கொஞ்ச நாளைக்குப் பாதிச் சம்பளம்போல ஒன்று கொடுத்தது. கம்பவுண்டர் கணக்கில் காட்டாமல் பஞ்சுச் சுருள் தருவார். அடுத்த வீட்டுக்காரி தன் கல்யாண வேட்டியென்று புருஷன் பெட்டியில் பூட்டி வைத்திருந்ததை அவனுக்குத் தெரியாமல் எடுத்து நாலு துண்டாகக் கிழித்துக் கொண்டுவந்தாள். "மெத்துனு இருக்கும்க்கா, வச்சுக்கோ. அவரு கேட்டா கரையான் தின்னுருச்சுன்னு சொல்லிக்கிறேன்" என்றாள். லயத்துக்கெல்லாம் ஒரே குழாய். அதில் இந்தத் துணிகளை அலசினால் யார்தான் முகம் சுளிக்க மாட்டார்கள்? யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. நாங்களாகவே கீழ் ஓடைக்குப் போய்க் கழுவினோம்.

கழுவுவதும் மாற்றுவதும் நான்தான். அவளுக்குக் குனிந்தால் தையல் இழுத்தது. ஆரம்பத்தில் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாள். பிறகு பழகிவிட்டது. "சர்க்காருக்கே எழுதுற கை. இப்ப பாக்குற உத்தியோகத்தப் பாரு" என்று சிரிப்பாள். சிரிக்கும்போது வயிறு குலுங்கி, நான் மாற்றிய துணியை உடனே மறுபடி மாற்றும்படி ஆகும். அதற்கும் சிரிப்பாள். அந்த நாட்களில் நாங்கள் ஒருவருக்கொருவர் நெருக்கமாக இருந்ததுபோல் அதற்கு முன்னால் இருந்ததில்லை என்று இப்போது தோன்றுகிறது.

எஸ்டேட் டாக்டர் மூன்று மாத ஓய்வு எழுதிக் கொடுத்தார். அது முடிந்ததும் மலையில் வேண்டாம், ஃபாக்டரியில் உட்கார்ந்து தேயிலையிலிருந்து காம்பு பொறுக்கும் லேசான வேலை தரச் சொல்கிறேன் என்றார். அவள் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள். சமையல்கட்டுச் சுவரில் கரியால் நாளுக்கு ஒரு கோடு போட்டாள். வேலைக்குப் போக வேண்டும், பொம்பளைகளோடு உட்கார்ந்து வாயடிக்க வேண்டும், சனிக்கிழமை தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுத் தன் கையில் சம்பளம் தர வேண்டும். அவள் உயிர் அதில்தான் இருந்தது. எனக்கு அது தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

நோய்ப்படி நின்றுபோனது. கோட்டயம் போய்வர பஸ் செலவு, களிம்பு, அடுத்த ரப்பர் பை. கம்பவுண்டர்தான் சொன்னார், பெரிய நோய்க்காரர்களுக்குச் சர்க்கார் சகாயம் உண்டு, தாலுகா ஆபீசுக்கு எழுதிப்போடு, வில்லேஜ் ஆபீசர் வந்து விசாரித்துவிட்டுச் சிபாரிசு செய்வார் என்று. "பலமா எழுதணும், கேட்டியா? அரைகுறையா எழுதுனா அரைக்காசு வராது" என்றார். என்னிடம் போய்ப் பலமாக எழுதச் சொல்ல வேண்டுமா?

அவளிடம் மெதுவாகப் பேச்சை எடுத்தேன். எரிந்து விழுந்தாள்.

"கொழுந்து எடுக்குறது கையாலயா வயித்தாலயா? என் கை நல்லாத்தான இருக்கு. இன்னும் ஒரு மாசத்துல வேலைக்குப் போயிருவேன். பிச்சைக் காகிதத்துல என் பெருவெரலு விழாது, சொல்லிட்டேன்."

நாலு நாள் விட்டுவிட்டு, ஐந்தாம் நாள் எழுதி முடித்த தாளையும் மசிப் பெட்டியையும் கொண்டுபோய் அவள் முன்னால் வைத்தேன். லேசான வேலை கேட்டு ஆபீசுக்கு மனு, டாக்டர் வாயால் சொன்னது போதாது என்கிறார்கள் என்றேன். அவளுக்கு எழுத்து தெரியாது. முந்தானையில் கையை நன்றாகத் துடைத்துவிட்டு, மசியைத் தொட்டு, அழுத்தி ரேகை வைத்தாள். "நல்லா விழுந்திருக்கா?" என்று கேட்டாள்.

அந்த மனுவில் நான் என்ன எழுதியிருந்தேன் என்பதை மலையாளத்தில் ஒரு வார்த்தை பிசகாமல் இன்றைக்கும் சொல்வேன். தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'குனியவோ நிமிரவோ இயலாமல், படுத்த படுக்கையாய், எந்த வேலைக்கும் உதவாதவளாய், கணவனுக்குப் பெரும் பாரமாய் ஜீவித்து வருகிறேன்.' கண்ணீர் வரவழைக்கும் இடம் எது, மூச்சு விடும் இடம் எது என்று பார்த்துப் பார்த்து எழுதினேன். இல்லாத பிள்ளைகள் பட்டினி கிடப்பதாக மட்டும்தான் எழுதவில்லை. எழுதி முடித்து இரண்டு தடவை எனக்கே வாசித்துக் காட்டிக்கொண்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மூன்று வாரம் கழித்து வில்லேஜ் ஆபீசர் வந்தார். நேராக எஸ்டேட் ஆபீசுக்குப் போய், இந்தப் பெண்ணை வரச் சொல்லுங்கள் என்று ஆளனுப்பினார். நான் ஃபாக்டரியில் இருந்தேன். எனக்குச் செய்தி வந்து நான் ஓடுவதற்குள் அவள் அங்கே போய்விட்டாள். லேசான வேலை விஷயமாகத்தான் கூப்பிடுகிறார்கள் என்று, தலைவாரி, தீபாவளிச் சேலையைக் கட்டி, கட்டுக்கு மேல் இரண்டு துணி கூடுதலாகச் சுற்றிக்கொண்டு, மேட்டுப் பாதையில் தனியாக நடந்தே போயிருந்தாள்.

நான் போய்ச் சேர்ந்தபோது வராந்தாவில் அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில் என் மனு. பக்கத்தில் எஸ்டேட்டின் பெரிய கிளார்க். அவள் எதிரே நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தாள்.

"ஜோலி செய்யான் பற்றுமோ?" என்று கேட்டார் அவர். வேலை செய்ய முடியுமா என்று.

"பற்றும் சாரே, நல்லாப் பற்றும்" என்றாள். அது போதாது என்று நினைத்தாளோ என்னவோ, வராந்தா ஓரத்தில் கிடந்த காலிக் கூடையைக் குனிந்து எடுத்து, கயிற்றைத் தலையில் மாட்டி, முதுகில் போட்டுக்கொண்டு, இரண்டு எட்டு நடந்து காட்டினாள். "பாருங்க சாரே. குனியுறேன், நிமிருறேன். எனக்கு ஒண்ணும் இல்ல. எந்த வேலை குடுத்தாலும் செய்வேன்." வலியில் மேல் உதடு வேர்த்திருந்தது. முகத்தில் மட்டும் அப்படி ஒரு சந்தோஷம்.

அவர் காகிதத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், படியில் நின்ற என்னைப் பார்த்தார். கெட்ட மனுஷன் இல்லை. அவர் காதால் கேட்டது, கண்ணால் கண்டது, இரண்டையும்தானே எழுத முடியும். கிளார்க் கையை நீட்டி மனுவை வாங்கி, நிதானமாக வாசித்து, ஒரு நகல் எடுத்துக்கொள்கிறேன் என்றார். நான் எதைச் சொல்வது? முடியாது என்று சொன்னால் அவள் வேலை போகும். முடியும் என்று சொன்னால் நான் பொய்யன். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்ததை மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம், அவளைத் தவிர.

சகாயம் மறுக்கப்பட்டது. மனுவில் கண்டது விசாரணையில் உண்மையல்ல என்று தெரிந்ததாம். அதே வாரத்தில் எஸ்டேட்டிலிருந்தும் ஒரு கடிதம் வந்தது. எந்த வேலைக்கும் உதவாதவள் என்று அவளே எழுதி ரேகை வைத்துக் கொடுத்திருப்பதால் பெயர் நீக்கப்படுகிறது, சேர வேண்டியதை வாங்கிக்கொள்ளலாம். யூனியன்காரரிடம் ஓடினேன். அவர் நகலை வாசித்துவிட்டு, "இவ்வளவு நல்லா யாருய்யா எழுதுனது? இத வச்சுக்கிட்டு நான் என்னன்னு வாதாட?" என்றார்.

கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நாலு நாள் திரிந்தேன். சுவரில் கோடுகள் முடிந்து ஒரு திங்கட்கிழமை வந்தது. அவள் இருட்டோடு எழுந்து, கட்டை இறுக்கி, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்துக்குப் போனாள். அன்றைக்குக்கூட நான் சொல்லவில்லை. ஏதோ அதிசயம் நடந்து பெயர் கூப்பிட்டுவிடுவார்கள் என்று நினைத்தேனா, அல்லது வேறு யாராவது சொல்லித் தொலைக்கட்டும் என்று நினைத்தேனா, தெரியாது. இரண்டாவதுதான் என்று இப்போது நினைக்கிறேன்.

ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்தாள்.

"ஏங்க, எல்லார் பேரையும் கூப்பிட்டாக. என் பேரைக் கூப்பிடல. சூப்பர்வைசர் என் மூஞ்சியப் பாக்காமயே போயிட்டாரு. மறந்துட்டாக போல. நாளைக்குப் போறேன்."

மறுநாள் காலையில் அவள் மறுபடியும் இடுப்புக் கட்டை இறுக்கிக்கொண்டு நின்றபோதுதான் சொன்னேன். இரண்டு கடிதங்களையும் சொன்னேன். மனுவில் என்ன எழுதியிருந்தேன் என்று கேட்டாள். அதையும் சொன்னேன், ஒரு வார்த்தை விடாமல். பாரம் என்ற இடத்தை மட்டும் வாய்க்குள்ளேயே சொன்னேன். அதையும் மறுபடி சொல்லச் சொன்னாள்.

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். கட்டிலில் மெதுவாக உட்கார்ந்து, என்னை நேராகப் பார்த்து, "நெசமாத்தான் அப்பிடி நெனச்சீகளா, காசுக்காக எழுதுனீகளா?" என்று கேட்டாள்.

"காசுக்காகத்தான். சத்தியமா காசுக்காகத்தான்" என்றேன்.

சரி என்று தலையை ஆட்டினாள். நம்பினாளா என்று எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம் இருந்தாள். சமைத்தாள், பேசினாள், எனக்குச் சுடுதண்ணீர் வைத்துக் கொடுத்தாள். எந்தக் குறையும் வைக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து துணி மாற்ற என்னைக் கூப்பிடவில்லை. அறையின் மூலையில் பழைய சேலையைத் திரையாகக் கட்டி, அதற்குப் பின்னால் தானே மாற்றிக்கொண்டாள். கை எட்டாமல் அவள் மூச்சுவாங்குவது இந்தப் பக்கம் கேட்கும். நான் திரைக்கு வெளியே போய் நின்று, "நான் வரட்டா?" என்று கேட்பேன்.

"வேணாங்க. என்னால முடியும்" என்பாள்.