துரு எடுத்துக் கொடுத்தவர்

அப்பா மரக்காணத்தில் பேங்க் வாட்ச்மேன். உப்புக் காற்றில் அவருடைய துப்பாக்கி துருப்பிடித்துவிட்டது; சரிசெய்யாவிட்டால் வேலை போய்விடும். வீட்டில் லைசென்ஸைப் படிக்கத் தெரிந்தவள் நான்தான் என்பதால், புதுச்சேரியில் துப்பாக்கி ரிப்பேர் செய்பவரிடம் நானும் கூடப் போனேன். அவருடைய நகமெல்லாம் துரு நிறம். பேசும்போதும் விரல் இரும்பைத் தடவிக்கொண்டே இருந்தது.

“ஏம்பா, குழல் உள்ள அரிச்சுப்போச்சு. சுட்டா உன் மூஞ்சிதான் பறக்கும்.”

“யாருங்க சுடப்போறா? பார்த்தா பயப்படணும், அவ்ளோதான்.”

“அதுக்கு உன் மீசையே போதுமே!”

துருவையெல்லாம் தேய்த்தெடுத்துப் பளபளவென்று கொடுத்தார். அப்பா வண்டியை எடுக்கப் போனதும், தோட்டாவைத் தட்டும் ஊசியைக் கழற்றிவிட்டதாக என்னிடம் சொன்னார்.

“அவன்கிட்ட சொல்லாதம்மா. அப்புறம் நிமிர்ந்து நிக்க மாட்டான்.”

அப்பா இன்றும் அந்தத் துப்பாக்கியோடு நிமிர்ந்துதான் நிற்கிறார். ஒரே ஒரு நாள் பார்த்தவருக்கு என் அப்பாவை எப்படி அவ்வளவு தெரிந்தது?