ஒத்துக்கிடாத வைரம்

போன வாரம் திருநெல்வேலியில், பளபளவென்று ஒரு நகைக்கடையில் என் மானம் போனது. போனதாகச் சொன்னது நானில்லை, ரம்யா.

ரம்யா என் நாத்தனார் மகள். அடுத்த மாதம் கல்யாணம். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. நகை எடுப்பதற்கென்றே லீவு போட்டுக் கோவில்பட்டிக்கு வந்திருந்தாள். "அத்தை, நீங்க கூட வாங்க. அம்மா வந்தா பவுனைத் தவிர வேற பக்கம் திரும்பவே மாட்டாங்க" என்று என்னை இழுத்துக்கொண்டு போனாள்.

கடைக்குள் ஏசி குளிரில் பல் கிட்டியது. சேல்ஸ் பெண் தட்டு தட்டாக எடுத்து வைத்தாள். இது ஒயிட் கோல்டு மேடம், இது லைட் வெயிட், இது டெய்லி வேர்... ரம்யாவின் கண் ஒற்றைக்கல் கம்மல் ஒன்றில் நின்றது. அதோடு லேமினேட் செய்த ஒரு சர்டிபிகேட். கல்லில் குறையே இல்லை என்று லேபில் சோதித்துக் கொடுத்ததாம். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"ஒரு வாரம் வீட்டுல வச்சுப் பார்த்துட்டு வாங்கிக்கலாமாம்மா?"

"எதுக்கு மேடம்?"

"ஒத்துக்கிடுதான்னு பார்க்கத்தான்."

அந்தப் பெண் கொஞ்சம் யோசித்தாள். "அலர்ஜியா மேடம்? ஒயிட் கோல்டு யாருக்கும் அலர்ஜி ஆகாது."

ரம்யா என் கையைக் கிள்ளினாள். "அத்தை, மானத்தை வாங்காதீங்க!"

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். வைரம் என்றால் உங்களுக்கு ஜொலிப்பு ஞாபகம் வரும். எனக்குப் பயம்தான் முதலில் வரும்.

சின்ன வயதிலேயே அப்படித்தான். வைரத்தை விழுங்கினால் செத்துப்போவார்கள் என்று யாரோ சொல்லிவைத்தார்கள். எங்கள் கயத்தாறு வீட்டுக்கு வைரத்தோடு போட்ட பெரியம்மா ஒருத்தர் வருவார். அவர் சோறு பரிமாறினால் பருக்கை பருக்கையாக உருட்டிப் பார்த்துத்தான் நான் சாப்பிடுவேன். கல் கழன்று இலையில் விழுந்திருந்தால்?

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எனக்குக் கல்யாணம். கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருக்கும் குடும்பம். வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிறேன் - எங்கள் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். அங்கே மருந்தும் குச்சியும் வெயிலும் ஒரே இடத்தில் இருக்கும். அந்த வீட்டுப் பெண்கள் காலையில் விளக்கேற்றும்போது கும்பிடுவது ஒன்றுக்காகத்தான். இன்றைக்கு நெருப்பு எதுவும் பற்றிவிடக் கூடாது.

நான் போய்ச் சேர்ந்த நேரம் பாருங்கள். லோடு ஏற்றிப் போன லாரி கயத்தாறு தாண்டிப் பள்ளத்தில் சாய்ந்தது. வீட்டுக் கிணறு வற்றியது. மாமனாரின் அக்கா அடுத்த தெருவில்தான் இருந்தார். ஒருநாள் வந்தவர் என் காலைப் பார்த்துக்கொண்டே, "மருமவ கால் வச்ச நேரம்... ம்ம்" என்றார். அந்த "ம்ம்" போதாதா?

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போனது. இப்படிப் பெயர் வாங்கிய மருமகளின் கதை எங்கள் ஊரில் தெருவுக்கு ஒன்று உண்டு. நல்ல காரியத்தில் முன்னால் நிற்க விட மாட்டார்கள். கொஞ்ச நாளில் பெட்டியோடு பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். கண்ணாடி டம்ளர் உடைந்தால்கூடச் சத்தம் வராமல் பொறுக்கிக் கொல்லையில் புதைத்தேன். இவருக்கு, அதாவது என் வீட்டுக்காரருக்கு, ஒரு தும்மல் வந்தால் எனக்கு உள்ளங்கை வேர்க்கும்.

அந்தச் சமயத்தில்தான் என் மாமியார் திடீரென்று சொன்னார்: "ஏட்டி, ஒனக்கு வைரத்தோடு எடுக்கணும்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் வைரம் பக்கமே போகாதவர். சின்ன வயதில் பாம்படம் போடுவதற்காக அவர் காதைத் தோள்வரைக்கும் வளர்த்துவிட்டிருந்தார்களாம். அப்புறம் ஃபேஷன் மாறியது. தொங்கும் காதைப் பட்டிக்காடு என்றார்கள். அறுத்து ஒட்டுப் போட்டுக்கொண்டார். அந்த ஒட்டுக் காதில் கனமான தோடு நிற்காது. சின்னக் கம்மல் போட்டே காலத்தை ஓட்டினார். அவருக்கு என்ன திடீர் வைர ஆசை?

மறுநாளே வைரப் புரோக்கர் வந்தார். சுருக்குப்பையிலிருந்து ஊதாத் தாளைப் பிரித்தார். ஏழுகல் தோடு. அப்போதுதான் பின்பக்கம் மூடிய பழைய கட்டு போய், வெளிச்சம் புகுந்து வரும் ஓப்பன் செட்டிங் வந்திருந்த நேரம்.

"ஒரிஜினல் ப்ளூ ஜாகர் அக்கா, முதல் தரக் கல்லு. ஒரு வாரம் போட்டுப் பாக்கட்டும். ஒத்துக்கிட்டா மேக்கொண்டு பேசுவோம். இல்லன்னா ஒரு வார்த்தை சொல்லி விடுங்க, நானே வந்து வாங்கிட்டுப் போயிருதேன்."

இதுதான் அன்றைய சர்டிபிகேட். கல் வீட்டுக்கு வரும். தங்கும். அந்த வாரத்தில் நல்லது நடந்தால் ஒத்துக்கொண்டது. பால் திரிந்தால், யாராவது வழுக்கி விழுந்தால், காய்ச்சல் வந்தால் ஒத்துக்கொள்ளவில்லை. கல்லுக்குள் கரும்புள்ளி இருக்கும், கீறல் இருக்கும், கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று இருக்கும். திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். யாரும் ஏன் எதற்கு என்று கேட்க மாட்டார்கள்.

வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்துவிட்டுத் தோட்டை மாட்டிக்கொண்டேன். கண்ணாடியில் பார்த்தேன். அழகுதான். ஆனால் பயம் இரட்டித்துவிட்டது. ஏற்கெனவே நான் ஒருத்தி பரீட்சையில் இருக்கிறேன். இப்போது காதில் இன்னொன்று. வைரம் ஒத்துக்கொள்ளாவிட்டால் திருப்பிக் கொடுக்கலாம்... மருமகளை?

நாலு நாள் ஒன்றும் நடக்கவில்லை. ஐந்தாம் நாள் மத்தியானம் ஆபீஸ் கணக்கர் சைக்கிளைத் தெருவிலேயே போட்டுவிட்டு ஓடி வந்தார்.

"அக்கா! மருந்து முக்குத ரூம்ல தீப் புடிச்சிருச்சு. சின்ன முதலாளி உள்ள போயிட்டாவ!"

சின்ன முதலாளி என்றால் இவர்தான்.

நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தெற்கே புகை தெரிந்தது. கந்தக வாசனை வீடு வரைக்கும் வந்தது. மாமனார் ஆபீஸுக்கு ஓடினார். அக்கம்பக்கத்துப் பெண்களெல்லாம் கூடிவிட்டார்கள். இவர் உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்று தெரியாத அந்த நேரத்தில் நான் என்ன நினைத்தேன் தெரியுமா? இவர் வேண்டும், இவர் வேண்டும் என்றுதான் முதலில். அதற்குப் பின்னாலேயே, "நான்தான் காரணம் என்பார்கள்" என்றும் நினைத்தேன். அதை வெளியே சொல்ல முடியுமா?

கொஞ்ச நேரத்தில் தகவல் வந்தது. உயிருக்கு ஒன்றுமில்லை. உள்ளே மாட்டிய இரண்டு பெண்களை இழுத்து வெளியே விட்டிருக்கிறார். அவர்கள் தப்பித்தார்கள். இவருக்குக் கை இரண்டும் வெந்துவிட்டது.

கூட்டத்தோடு வந்து உட்கார்ந்திருந்த மாமனாரின் அக்கா எழுந்தார். கூட்டம் விலகி வழி விட்டது. நேராக என் முன்னால் வந்து நின்றார்.

"நான் அன்னைக்கே சொன்னேன்லா? இவ காலெடுத்து வச்ச நேரம்..."

அவர் முடிக்கவில்லை. என் மாமியார் நடுவில் வந்துவிட்டார். என் தாடையைப் பிடித்துத் திருப்பி, காதுத் திருகைக் கழற்றினார். அவசரத்தில் காது மடல் கிழிந்து ரத்தம் வந்தது. இரண்டு தோட்டையும் உள்ளங்கையில் வைத்துக் கூட்டத்துக்கு நீட்டினார்.

"இதுதான், மதினி, தீயக் கொண்டாந்துச்சு! வந்த அன்னைக்கே எனக்கு மனசு சரியில்ல. கல்லு ஆவல. பாருங்க, நல்லாப் பாருங்க!"

ஆளாளுக்கு வாங்கிப் பார்த்தார்கள். வெயிலில் பிடித்துப் பார்த்தார்கள். எல்லோருக்கும் கரும்புள்ளி தெரிந்தது. மாமனாரின் அக்காவுக்கும் தெரிந்தது. "ஆமா, நடுக்கல்லுல இருக்கு" என்றார். என்னைப் பார்க்க ஒருவருமில்லை.

மறுநாள் புரோக்கர் வந்து தோட்டை வாங்கிச் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டு போனார். அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

இவர் கைக்கட்டோடு வீட்டுக்கு வந்த பிறகு ஒருநாள், மாமியார் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்து, "அத்தை, அந்தக் கல்லுல நெசமாவே புள்ளி இருந்துச்சா?" என்றேன்.

"கல்லு நல்ல கல்லுதாம்ட்டி."

"பொறவு எதுக்கு ஆவலன்னு சொன்னீக?"

வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "நான் இந்த வூட்டுக்கு வந்த வருசம் மழ பேயல. கரிசல்ல பருத்தி பூராம் கருகிப் போச்சு. ஒங்க மாமாவுக்கு ஒரு தம்பி. அவனும் போயிட்டான். அப்ப இந்த வூட்டுல வைரம் இல்ல. நான்தான் இருந்தேன்."

மூக்கை உறிஞ்சினார். வெங்காயம்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்குப் பிரசவ மாதம் நெருங்கியதும் அவரே ஆள் அனுப்பிப் புரோக்கரை வரவழைத்தார். இந்த முறை எட்டுக்கல் பேசரி. மூக்கில் போடுவது. நான் அதைப் போட்டுக்கொண்டேதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பிள்ளை நல்லபடியாகப் பிறந்ததால் பேசரி வீட்டிலேயே தங்கிவிட்டது. இப்போது மாமியார் இல்லை. பேசரி பீரோவில் இருக்கிறது. அவ்வளவு பெரிய மூக்குத்தியை இப்போது யார் போடுகிறார்கள்?

நகைக்கடைக்கு வருவோம். ரம்யா அந்தக் குறையில்லாத ஒற்றைக்கல்லை வாங்கிவிட்டாள். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் சர்டிபிகேட்டைத் திருப்பித் திருப்பிப் படித்தாள். எனக்குப் பழையபடி உள்ளங்கை வேர்த்தது. அவள் போகப்போவது மதுரையில் ஒரு வியாபாரக் குடும்பம். பத்துப் பேரிடம் ஜாதகம் பார்த்த பிறகுதான் சரி என்றார்கள். அங்கே ஒரு லாரி சாய்ந்தால்? யாருக்காவது நெஞ்சு வலி வந்தால்? கல்லில் குறை இல்லை என்று லேபே எழுதிக் கொடுத்துவிட்டது. அப்புறம் அந்த வீட்டில் மிச்சம் இருப்பது யார்?

வீட்டுக்கு வந்ததும் பீரோவைத் திறந்தேன். பேசரியை எடுத்து ரம்யாவின் கைப்பைக்குள் வைத்தேன்.

"ஐயோ, என்ன அத்தை இது? இந்தக் காலத்துல யாரு போடுவா?"

"போட வேண்டாம். பீரோல சும்மா கெடக்கட்டும். அங்கன யாராவது ஒன்னைப் பார்த்து ஒரு மாதிரியா 'ம்ம்'னு சொன்னா, ஓடிப் போய் இதை எடுத்துக் காட்டு. எங்க அத்தை கொடுத்தாவ, ஒத்துக்கிடலன்னு சொல்லு."

ரம்யா என்னை உற்றுப் பார்த்தாள். முதலில் சிரிக்கத்தான் போனாள். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. கைப்பையின் ஜிப்பை மெதுவாக மூடிக்கொண்டாள்.

நல்லவேளை, அந்தப் பேசரிக்கு சர்டிபிகேட் கிடையாது.