ஃப்ளோராவின் கையெழுத்து

சாந்தோம் பக்கம் ஒரு பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சராக இருக்கும் ஃப்ளோராவுக்குப் பள்ளி விட்டதும் சம்பளமில்லாத இன்னொரு வேலை இருந்தது. பார்வையற்றவர்களுக்காகத் திரையில் இருக்கும் தமிழை உரக்கப் படித்துக் காட்டும் 'ஒலித்திரை' என்ற இலவச மென்பொருளை, முகம் பார்த்தறியாத சிலரோடு சேர்ந்து பராமரித்து வந்தாள். அதன் நிரலை யாரும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம்.

அவளை இதற்குள் இழுத்துவிட்டது கல்லூரித் தோழி ஜஹீதா. பிறவியிலேயே பார்வை இல்லாதவள். தி. நகரில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை. "இந்த ஆளு வாயில வெத்தலையைக் குதப்பிக்கிட்டே படிக்கிறான்டி, எதாவது பண்ணு" என்று அந்த மென்பொருளின் குரலைப் பற்றி அவள் புலம்பியபோதுதான் ஃப்ளோரா முதன்முதலில் அந்த நிரலைத் திறந்தாள்.

பலர் எழுதியதைச் சேர்த்து, கணினியில் ஓடும் மென்பொருளாகக் கட்டுவதை பில்டு என்பார்கள். பாத்திரம் கழுவுவதைப் போல, செய்யாவிட்டால்தான் கண்ணில் படும். அந்த வேலை ஃப்ளோராவிடம் வந்து சேர்ந்தது. வீட்டிலிருந்த பழைய கணினியிலும் ஓட்டிப் பார்த்த பிறகுதான் 'நம்பி நிறுவலாம்' என்பதற்கு அடையாளமாகத் தன் டிஜிட்டல் கையெழுத்தை இட்டு வெளியிடுவாள்.

போன வருடம் குழுவில் சாய்சரண் சேர்ந்தான். மயிலாப்பூர்ப் பையன், தரமணியில் ஐடி வேலை, கெட்டிக்காரன். பில்டு முறையையே மாற்ற வேண்டும், எல்லாம் தானாக நடக்க வேண்டும் என்றான். அதில் ஃப்ளோராவுக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அவனுடைய முறையில் பழைய கணினிகளில் மென்பொருள் ஓடாது. போதாததற்கு, குரலுக்கான பகுதியை எங்கிருந்தோ ரெடிமேடாக இறக்கிச் சேர்த்தான்.

"இதை யார் செஞ்சாங்க? உள்ள என்ன இருக்குன்னு யாராவது பாத்தீங்களா?" என்று குழுவில் கேட்டாள்.

"எல்லாத்தையும் சந்தேகப்பட்டா எப்படி மேடம்?" என்றான் ஒருவன். "டீச்சர் கிளாஸ் எடுக்க ஆரம்பிச்சுட்டாங்க" என்றான் இன்னொருவன். அதற்குக் கீழே வரிசையாகச் சிரிப்புப் படங்கள். கடைசியில் சாய்சரண், "உங்க எக்ஸாம் பேப்பர் திருத்தற வேலை முடியட்டும் மேடம், அப்புறம் முடிவு பண்ணலாம்" என்று எழுதினான். அவள் நம்பினாள்.

பேப்பர் திருத்தி முடிவதற்குள் ஒரு நாள் காலை இடைவேளையில் ஜஹீதா போன் செய்தாள்.

"எங்க ஆபீஸ் பழைய கம்ப்யூட்டர்ல அப்டேட் போட்டேன்டி. ஆளு வாயே திறக்கல. மேனேஜர் என் வேலையைப் பக்கத்து சீட்டுப் பொண்ணுகிட்ட குடுத்துட்டாரு. கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன்."

"எந்த அப்டேட்? நான் எதுவும் விடலையே!"

"'ஃப்ளோரா கையெழுத்திட்டது'ன்னு அவன்தானே படிச்சான்? அதைக் கேட்டுட்டுத்தான் போட்டேன்."

ஃப்ளோரா திறந்து பார்த்தாள். சாய்சரணின் புதிய பில்டுதான். கீழே அவளுடைய கையெழுத்து.

அன்று சாயங்காலமே அடையாறில் ஒரு ஹோட்டலில் அவனைப் பிடித்தாள். நெய் ரோஸ்டைப் பிய்த்துக்கொண்டே சிரித்தான்.

"ஆட்டோமேட்டிக்கா நடந்துடுத்து மேடம். உங்க கையெழுத்து சர்வர்லயே இருந்துது. எடுக்க மறந்துட்டேன்."

"பேசிட்டு முடிவு பண்ணலாம்னு சொன்னியே?"

"நாலு பேர் பழைய மெஷினை வச்சுண்டு உக்காந்திருந்தா நாம என்ன பண்றது? வேணும்னா அடுத்ததுல உங்க பேரை எடுத்துடறேன். ஆனா உங்க பேரைப் பாத்தாத்தான் நம்பி டவுன்லோட் பண்றா."

மறக்கவில்லை என்பதை அவன் வாயே சொல்லிவிட்டது. சொன்னது கூடத் தெரியாமல் சட்னியை வழித்துக்கொண்டிருந்தான். ஃப்ளோரா காபியைத் தொடாமல் எழுந்து வந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகத் தன் கையெழுத்தை ரத்து செய்தாள். புதிய பில்டை நிறுவப் போனவர்களுக்கெல்லாம் 'நம்பத்தகாதது' என்ற எச்சரிக்கை வந்தது. குழு கொதித்தது. நாசவேலை என்றார்கள், வயிற்றெரிச்சல் என்றார்கள். நடந்ததை நடந்தபடி எழுதினாள். அவள் பெயரைத் திருடியதைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை. கையெழுத்தை ரத்து செய்யும் முன் குழுவிடம் அனுமதி கேட்டாளா என்பதைத்தான் பக்கம் பக்கமாக அலசினார்கள்.

"சாக்கடையில கல்லு விட்டா நம்ம மேலதான் தெறிக்கும். வெளிய வந்துடு, ஃப்ளோ" என்றார் கணவர் ஃபிரெட்ரிக்.

வெளியே வந்தாள். ஆனால் பழைய நிரலைத் தனியாக எடுத்துக்கொண்டு, வேறு பெயர் வைத்து, தானே கட்டினாள். சனிக்கிழமை ஜஹீதாவின் அலுவலகத்துக்குப் போய் நிறுவிக் கொடுத்தாள். குரல் வந்ததும் ஜஹீதா ஹெட்போனை மாட்டிக்கொண்டு தேங்கியிருந்த வேலையில் இறங்கிவிட்டாள். ஃப்ளோரா பக்கத்தில் வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

சாய்சரண் இப்போது சொந்தக் கையெழுத்தோடு ஒலித்திரையை வெளியிடுகிறான். ரெடிமேட் குரல் எங்கிருந்து வந்தது என்று அவனிடம் கேட்பவர் யாருமில்லை. ஃப்ளோராவின் மென்பொருளைப் பழைய கணினி வைத்திருக்கும் கொஞ்சம் பேர் பயன்படுத்துகிறார்கள். போன வாரம் நாகர்கோவிலிலிருந்து யாரோ, "பில்டு வேலையில் நானும் உதவலாமா?" என்று மரியாதையாகக் கேட்டு எழுதியிருந்தார். 'நன்றி' என்று தட்டத் தொடங்கியவளுக்கு அந்தச் சிரிப்புப் படங்கள் கண்முன் வந்தன. தட்டியதை அழித்தாள். கணினியை மூடிவிட்டு, இரவுச் சமையலுக்கு அரிசி களையப் போனாள்.