சவரிமுத்துவின் வலக்கை

சவரிமுத்து போய்விட்டான் என்று அவனுடைய மருமகன் தொலைபேசியில் சொன்னபோது, நான் வாதத்தில் அவனைத் தோற்கடிக்க ஒரு காணொளியைத் தேடி எடுத்து வைத்திருந்தேன். அறுபது கிலோகூட இல்லாத ஒரு மெலிந்த குத்துச்சண்டைக்காரன் ஒரே அடியில் எதிராளியைச் சாய்க்கும் காட்சி. மாலையில் தேத்தண்ணிக் கடையில் காட்ட இருந்தேன். முதலில் வந்தது அழுகை இல்லை, கோபம். கடைசி வார்த்தையும் தன்னுடையதாக இருக்கும்படி போய்விட்டானே பாவி!

இந்த அஞ்சலியை 'அவர்' என்று மரியாதையாக எழுதித்தான் பார்த்தேன், சரிவரவில்லை. திருகோணமலைத் துறைமுகப் பட்டறையில் வேலைக் காலம் முழுவதும் என் பக்கத்தில் நின்று வெல்டிங் செய்தவன் அவன்.

அவனை அறிந்தவர்களுக்கு எங்கள் வழக்குத் தெரியும். குத்துச்சண்டை வரலாற்றிலேயே ஒற்றை அடியில் ஆளை விழுத்துவதில் யார் முதல்வன்? பெயர்களை எழுதமாட்டேன், எழுதினால் நீங்களும் சண்டைக்கு வருவீர்கள். அவன் கட்சி பாரமான எடைக்காரர்கள். என் கட்சி சின்ன எடைக்காரர்கள். நூறு கிலோக்காரன் அடித்தால் யாரும்தான் விழுவார்கள், எடையைக் கழித்துவிட்டுப் பார் என்பேன். அவன் தேத்தண்ணியை ஊதிக்கொண்டே சொல்வான்: "விழுகிறவன் தராசு கொண்டு வாறதில்லை மச்சான். அடிச்சவனைக் கேளாத, வாங்கினவனைக் கேள்." கடை முழுக்கச் சிரிக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எனக்கு அவன்மேல் பொறாமைதான். இனி மறைத்து என்ன? துறைமுகத் தொழிலாளர் போட்டிகளில் நான் பதினொரு சண்டை வென்றவன், எல்லாம் புள்ளிகளில். ஒன்றாவது யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா? அவன் மேடை ஏறியது ஐந்தே சண்டைக்கு, ஐந்திலும் ஒரே அடி. பஸ் நிலையத்தில் அவனைக் கண்டால் எழும்பி இடம் கொடுப்பார்கள். என் மனைவிகூட அவன் வந்தால்தான் குசினியில் நல்ல கோப்பையைத் தேடுவாள்.

அந்த ஐந்தில் ஒன்று என்னோடு. முதல் சுற்றிலேயே அவன் வலக்கை வந்தது, நான் விழுந்தேன். என் மூலையில் தண்ணீர் வாளி சரிந்து, அந்த ஈரத்தில் வழுக்கிவிட்டேன் என்று அன்றிலிருந்து சொல்லிவந்தேன். பட்டறைக்குப் புதிதாக வந்த ஒருவர் அவனிடமே கேட்டுவிட்டார், "நீங்கள் இவரை விழுத்தினீங்களாமே?" சவரி என்னைப் பார்த்தான். பிறகு, "ஓம், வாளி சரிஞ்சது, பாவம் வழுக்கிட்டார்" என்றான். அடியைவிட அந்தப் பெருந்தன்மைதான் எனக்குக் கூடுதலாக எரிந்தது.

செத்தவீட்டில் கிண்ணியாவிலிருந்து வந்த ஹனிபா நானா, சவரியோடு மோதிய பழைய கதையை எடுத்தார். "சவரிட ஆகப் பெரிய அடிய வாங்கினது நான்தான். ரெண்டு நாள் தலை சுத்திச்சு." கட்டைபறிச்சானிலிருந்து வந்த இன்னொரு பழைய எதிராளி தன் கோணல் மூக்கைக் காட்டி, "அப்ப இது என்ன?" என்றார். சனம் அவர்களைச் சுற்றிக் கதிரையை இழுத்துப் போட்டது. வாங்கினவனைக் கேள் என்றானே, அவர்களைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள்! நானும் வாங்கினவன்தானே. எழும்பிவிட்டேன்.

"உங்கட கதையை விடுங்கோ. அண்டைக்கு வாளி சரியவே இல்லை."

எல்லோரும் திரும்பினார்கள். "அப்ப வழுக்கினது?" என்றார் ஹனிபா நானா.

"ஆர் வழுக்கினது? அடி! நான் கண் முழிக்கேக்க பாக்க வந்த சனமெல்லாம் போயிட்டுது. கதிரையும் அடுக்கி முடிச்சிட்டாங்கள்."

ஹனிபா நானா மெல்லத் தலையாட்டித் தன் தோல்வியை ஒத்துக்கொண்டார். பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த அவன் மனைவி றோசலின் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "பின்னேரம் கடையால வந்து ஒவ்வொரு நாளும் இதைத்தான் சொல்லுவார் அண்ணை. 'இண்டைக்கும் அவன் அந்த அடியைப் பற்றி வாய் திறக்கேல்லை' எண்டு."

அத்தனை வருடமும் அவன் கேட்டது உலகத்து வீரர்களைப் பற்றி இல்லை. என்னைத்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். பொறாமை விடவில்லை.

அவனிடமிருந்து என்னிடம் இருப்பது என் இடது தாடை. சோறு மெல்லும்போது இன்றைக்கும் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். ஹனிபா நானாவின் தலைசுற்று இரண்டு நாளில் நின்றுவிட்டது. மூக்குக்காரருடையது வெறும் கோணல், சத்தம் போடாது. இது மூன்று வேளையும் கேட்கிறது, எனக்கு மட்டும்.