காலை ஐந்து மணி வேலை

பலாலி விமான நிலையத்தில் சக்கர நாற்காலி தள்ளுவதுதான் என் வேலை. வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளைப் பார்த்துவிட்டுச் சென்னை வழியாகத் திரும்பும் வயதானவர்களை இருத்தி, பெட்டியை எடுத்து, வாசல்வரை கொண்டுபோய் விடவேண்டும். எங்களை வைத்திருந்த கொம்பனி ஒருநாள் எல்லாரையும் கூப்பிட்டு, தேத்தண்ணியும் பணிசும் தந்து, மாதம் முடிய மூடப்போகிறோம் என்றது. பணிஸ் தொண்டையில் நிற்கும்போதே, "பயப்பிடாதேங்கோ, புதுக் கொம்பனி உங்களை மீள அமர்த்தும்" என்றார் மனேச்சர். சண்டையில் இடம்பெயர்ந்து மீள்குடியேற்றம் கண்ட சனம் நாங்கள். 'மீள' என்று யாராவது வாயைத் திறந்தாலே எனக்கு மூட்டை கட்டத்தான் கை போகும்.

புதுக் கொம்பனி எல்லாரையும் எடுக்கவில்லை. நேர்முகத்துக்கு வரச் சொன்னது. கொழும்பிலிருந்து வந்த ஒரு தம்பி, சக்கர நாற்காலியை எப்படித் தள்ளுவீர்கள் என்று கேட்டார். இத்தனை வருஷம் தள்ளினவளிடம் கேட்கிற கேள்வியா இது? கையால்தான் என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்.

"அக்கா, நீங்க ஊர்காவற்றுறை தானே? காலையில அஞ்சு மணிக்கு வர முடியுமா?"

இங்கே வெயில் ஏறித்தான் முதல் விமானம் வரும். ஐந்து மணிக்கு வந்து ஆரைத் தள்ளுவது என்று கேட்டேன். கட்டுநாயக்காவில் அப்படித்தானாம். அங்கே இரவு பகலாக விமானம் இறங்குகிறது, இங்கே அந்த நேரம் நாய்கூட எழும்பாது. ஆனால் சட்டம் எல்லா இடத்துக்கும் ஒன்றுதானாம். எனக்கு முன்னால் போன காரைநகர் அக்கா, அந்த நேரம் பஸ் இல்லை, ஏலாது என்று உண்மையைச் சொல்லிவிட்டு வெளியில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தா. எங்கள் தீவிலிருந்தும் அந்த நேரத்தில் பஸ் இல்லை. ஆனால் பிள்ளைகளின் படிப்பு என் சம்பளத்தில்தான் ஓடுகிறது. "ஓம், ஏலும்" என்றேன். எப்படி என்று அவர் கேட்கவில்லை. நல்லகாலம், எனக்கும் தெரியாது.

வீட்டுக்கு வந்து சொன்னதும் என் மனுசன் யோசிக்கவே இல்லை. "நான் மோட்டச்சைக்கிளிலை கொண்டுபோய் விடுறன்."

"அப்ப வலை?"

"அண்ணை பாப்பார். நீர் யோசியாதையும்."

யோசிக்காமல் இருக்க ஏலுமா? அவரும் தமையனும் ஒரே வள்ளத்தில் தொழில் செய்கிறவர்கள். பின்னேரம் வலை போட்டால் விடியமுன் போய் இழுக்கவேண்டும். தனி ஆளால் நடக்கிற காரியம் இல்லை. கடற்கரையில் பிறந்த எனக்கு இதை ஆரும் சொல்லித்தரத் தேவையில்லை.

வேலை கிடைத்தது. விடியமுன் பண்ணைப் பாலத்தைக் கடந்து, குளிர்காற்றில் விறைத்துப்போய் நேரத்துக்கு நிற்பேன். விரலை வைத்து வரவு பதிந்தபிறகு செய்ய ஒன்றும் இல்லை. நாற்காலிகளைத் துடைக்கச் சொல்வார்கள். துடைத்ததையே திருப்பித் துடைப்போம். ஆளில்லாத நாற்காலியைத் துடைக்கிற ஒவ்வொரு விடியலும் எனக்குப் பத்திக்கொண்டு வரும். அங்கே நேரத்துக்கு இழுக்காத வலையில் கிடக்கிற மீனை நண்டு தின்னுமே.

ஒரு ஞாயிறு பூசை முடிந்து வெளியில் வர, அவரின் தமையன் என்னிடம் வந்தார். தம்பியிடம் சொல்ல அவருக்கு மனம் வரவில்லைப் போல.

"பிள்ளை, வள்ளத்துக்கு வேற ஒரு பெடியனை எடுத்திட்டன். பிடிபட்டதெல்லாம் பழுதாப்போகுது. நான் என்ன செய்ய?"

அவரில் என்ன பிழை? ஏச வாய் உன்னியது, ஏச ஆள் இல்லை. கொழும்புத் தம்பி பக்கத்தில் நின்றிருந்தால் நல்லாய்க் கிழித்திருப்பேன்.

வீட்டுக்கு வந்து என் மனுசனிடம் சொன்னேன். அவருக்கு முன்னமே தெரிந்திருக்கிறது. திங்கள் விடியமுன் வழக்கம்போல மோட்டச்சைக்கிளை முற்றத்தில் இறக்கினார். எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாய் வந்தது. நான் வரவில்லை, நீங்கள் அண்ணையிட்டைப் போய்க் கதையுங்கோ என்றேன்.

"ஏறும், நேரம் போகுது" என்றார். "எனக்கு இப்ப இருக்கிறது இந்த ஒரு வேலைதான்."