புள்ளி வைத்துவிட்ட கட்டங்கள்

பழைய ஆங்கிலச் செய்தித்தாள் கட்டைப் பிரித்ததும் முதலில் எழும்புவது பாச்சை உருண்டையின் வாசனை. அதற்கடியில், சென்னையிலிருந்து ஆரணி வரை பேருந்தில் வந்த தூசியும் டீசலும். மாதம் ஒருமுறை அப்பா அந்தக் கட்டைத் தோளிலிருந்து இறக்கிக் கூடத்தில் போடும்போது நான் ஓடிப்போய் உட்காருவேன். ஓடக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்ததால் ஓடினேன் என்பதும் பொய்தான், வேகமாக நடந்தேன்.

தொண்ணூறுகளின் நடுவில், என் பதின்மூன்றாம் வயதில், மூட்டுக் காய்ச்சல் வந்து இதயத்தையும் தொட்டுவிட்டுப் போயிருந்தது. மூன்று வாரத்துக்கு ஓர் ஊசி, பள்ளிக்கூடம் ஓராண்டுக்கு இல்லை என்றார்கள், ஓராண்டு இரண்டாகிவிட்டது. அம்மா காலையிலேயே அடுத்த தெருவுக்குத் "தார் சுத்த", அதாவது தறிக்கு நூல் சுற்றிக் கொடுக்கப் போய்விடுவாள். அப்பா எங்கள் ஊர்ப் பட்டுப் புடவைகளைச் சென்னையில் வீடு வீடாகக் கொண்டுபோய் விற்பவர். தோழிகள் முதல் மாதம் வந்தார்கள், இரண்டாம் மாதம் ஜன்னல் வழியே கை காட்டினார்கள், பிறகு அவர்களுக்குத் தேர்வு வந்துவிட்டது. பொழுது சாயும்வரை என் குரலை நானே கேட்காத நாட்கள் உண்டு.

புடவைகளைச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுப்பதுதான் என் வேலை. அந்தத் தாள்களை அப்பாவுக்கு இலவசமாகக் கொடுப்பது மயிலாப்பூரில் ஒரு வாடிக்கை வீடு. அங்கே யாரோ குறுக்கெழுத்துப் புதிரை நீல மையில், சாய்ந்த எழுத்துகளில் நிரப்பியிருப்பார்கள்; ஆனால் எப்போதும் சில கட்டங்கள் காலியாக இருக்கும். போர்க் கடவுள், நான்கு எழுத்து. அண்ணனை அடக்கம் செய்ததற்காக உயிரோடு கல்லறையில் அடைக்கப்பட்ட நாடகத்து இளவரசி, எட்டு எழுத்து. விரும்பியவன் திரும்பிப் பார்க்காததால் கரைந்து கரைந்து எதிரொலியாக மட்டும் மிஞ்சியவள், நான்கு எழுத்து. சேத்துப்பட்டில் ஒரு கான்வென்டில் சமையல் செய்த என் சித்தி, அங்கே கழித்துப் போட்ட அட்டையில்லாத ஆங்கிலப் புத்தகம் ஒன்றை எனக்குக் கொண்டுவந்திருந்தாள். முன்பாதி கிரேக்கப் புராணம், பின்பாதி பழைய மேடை நாடகங்களின் கதைச் சுருக்கம். அகராதியும் கையுமாக நான் அதை மனப்பாடமே செய்திருந்தேன். அந்த வீட்டு ஆளுக்குத் தெரியாதது அத்தனையும் எனக்குத் தெரிந்திருந்தது.

"அந்த வூட்ல பேனாவால எழுதறது யாருப்பா?"

"எனக்கின்னா தெரியும் பாப்பா. சமையல்காரம்மா வாசல்ல குடுப்பாங்க, வாங்கிகினு வருவேன். ஜல்தியா சுத்து, பஸ் போயிடும்."

அன்று எனக்கு ஒரு யோசனை தோன்றியது. காலிக் கட்டங்களை என் பேனாவால் நிரப்பி, அந்த வீட்டுக்குப் போகும் புடவையை அதே தாளில், புதிர் வெளியே தெரியும்படி சுற்றிக் கொடுத்தேன். அடுத்த மாதக் கட்டில் கிரேக்கக் குறிப்புகள் மறுபடியும் காலியாக இருந்தன. இந்த முறைதான் கவனித்தேன், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு சின்னப் புள்ளி. எனக்குத் தலைகால் புரியவில்லை. எனக்காகத்தான் விட்டுவைத்திருக்கிறார்கள், எனக்காகத்தான் புள்ளி. "இன்னாத்துக்குப் பேப்பரப் பாத்துச் சிரிச்சிகினு கீற?" என்று அம்மா கேட்டாள். நான் சொல்லவில்லை. ஓராண்டுக்கு மேல், மாதம் தவறாமல், முகம் தெரியாத அந்த ஒருவரோடு நான் பேசிக்கொண்டிருந்தேன்.

இதயப் பரிசோதனைக்காகச் சென்னைக்குப் போனபோது அப்பா என்னை அந்த வீட்டுக்கும் கூட்டிப் போனார். கூடத்தில், வெள்ளைச் சட்டமிட்ட கண்ணாடி போட்ட ஒரு அம்மா நாற்காலியில் உட்கார்ந்து அன்றைய புதிரை நிரப்பிக்கொண்டிருந்தார். அதே சாய்ந்த எழுத்து. பரிசோதனையின்போதுகூட என் நெஞ்சு அவ்வளவு அடித்துக்கொள்ளவில்லை. ஒரு குறிப்பில் நின்றார், புள்ளி வைத்தார், தாண்டிப் போனார்.

"அத ஏங்க விட்டுட்டீங்க?" என்றேன்.

"அதுவாம்மா? கிரேக்கம், நாடகம் இதெல்லாம் எனக்கு வராது. நாளைக்கு விடை பாத்துக்கலாம்னு புள்ளி வைப்பேன், அப்புறம் மறந்தே போயிடும்" என்று சிரித்தார்.

உள்ளே சமையல்காரம்மா நாங்கள் கொண்டுவந்த புடவைகளைப் பிரித்து எடுத்துவிட்டு, சுற்றியிருந்த தாளை அடுப்படிக்குக் கொண்டுபோனதைப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் அதன்மேல் வடைகளை எண்ணெய் வடியப் போட்டார். என் எழுத்துகளின்மேல் எண்ணெய் பரவியது. இத்தனை மாதமும் இதுதான் நடந்திருக்கிறது. விடை தெரியும் என்று அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம். இரண்டு வடை கொடுத்தார்கள், சாப்பிட்டேன்.

திரும்பும் பேருந்தில் அழுதேன். "ஊசி போட்ட எடம் வலிக்குதா?" என்றார் அப்பா. ஆமாம் என்றேன். அதற்குப் பிறகு எந்தத் தாளிலும் நான் எழுதவில்லை. மறு ஆண்டு பள்ளிக்கூடம், பிறகு கல்லூரி, வேலை, பெங்களூரு.

இப்போது புடவைக்கு அட்டைப் பெட்டியும் நெகிழி உறையும் வந்துவிட்டன. புதிரும் கைப்பேசிக்குள் போய்விட்டது. தெரியாத எழுத்தை ஒரு தொடலில் அதுவே சொல்லிவிடுகிறது. அந்த மயிலாப்பூர் வீடு இருந்த இடத்தில் அடுக்குமாடி நிற்கிறது. போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது, நான் கைப்பேசியில் கட்டம் நிரப்பிக்கொண்டிருந்ததை அப்பா வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் அதப் போட்டுகினுதான் கீறியா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "உனக்குத் தெரியுமாப்பா?"

"தெரியாம? நீ எழுதன பக்கம் கசங்கக் கூடாதுன்னு அந்த ஒரு பொட்டலத்த மட்டும் மடியில வச்சிகினு போவேன். இன்னா எழுதறன்னு கேக்கலாம்னு நெனப்பேன். நீ தலையே தூக்க மாட்ட. படிக்கத் தெரியாதவன் கேட்டு இன்னா ஆவப் போவுதுன்னு வுட்டுட்டேன்."

கையிலிருந்த குறிப்பையே சொன்னேன். செத்தவர்களைப் பாதாள ஆற்றில் அக்கரைக்குக் கொண்டுபோய் விடுகிற கிழட்டுப் படகோட்டி, ஆறு எழுத்து. அவன் கதையைச் சொன்னேன். அப்பா காதைச் சாய்த்துக் கேட்டார்.

"போறப்ப ஆளுங்க இருப்பாங்க. திரும்பி வர்றப்ப?"

"யாரும் இருக்க மாட்டாங்கப்பா. தனியாத்தான் வருவான்."

அப்பா கட்டுச் சுமந்த தோளைத் தடவிக்கொண்டார்.

"அதாம்மா, வர்றப்பதான் தூரம் ஜாஸ்தி" என்றார்.